டெல்லி டோல்... பில்போர்டில் கோல்!

சங்கரன்கோவில் பக்கமா பாஸ் நீங்க? அப்போ உங்க காதுக்குத் தாளம் புதுசில்லை. ஒரு தெருவில் விசைத்தறி விடாம டக்கு டக்குனு தாளம் போடும். இன்னொரு தெருவில் கோயில் கொடைன்னா, நையாண்டி மேளம் பின்னிப் பெடலெடுக்கும். ஆனா, காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு பேண்ட் ஆரம்பிச்சா மட்டும், 'ராக்குனா கிட்டார், டிரம்ஸ், இங்கிலீஷ்'னு முடிவு பண்ணி, தவிலை ஓரங்கட்டிடுறோம்.

அந்த நெனப்புக்கு டெல்லிப் பசங்க ஒரு வேட்டு வெச்சாங்க. பேண்ட் பேரு 'பிளடிவுட்'. வக்கீல் வேலையை உதறின கரண் கட்டியாரும், பாடகர் ஜயந்த் படூலாவும் 2016-ல் ஆரம்பிச்சது. முதல்ல பண்ணது காமெடிதான். ஹிட்டான பாப் பாட்டுகளை மெட்டலா மாத்தி, கலாய்ச்சு யூ-டியூப்ல போட்டாங்க. அப்புறம் ராப் பாடும் ராவுல் கெர் வந்து சேர, சொந்தப் பாட்டில் இறங்கினாங்க. கிட்டார் உறுமலுக்குப் பக்கத்திலேயே டோல், புல்லாங்குழல்! ஹிந்தி, பஞ்சாபி, இங்கிலீஷ் கலந்துகட்டி வரிகள். 2019-ல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் திருவிழா மேடை வரைக்கும் போயிட்டாங்க.

2022, பிப்ரவரி 18. முதல் ஆல்பம் 'ரக்ஷக்' ரிலீஸ். பெரிய கம்பெனி பின்னால் இல்லை, சொந்தமாவே வெளியிட்டாங்க. பில்போர்டு பட்டியலில் ஏறிய முதல் இந்திய மெட்டல் பேண்டுங்கிற பேரும் வந்துச்சு.

பில்போர்டுனா ஜட்ஜ் மார்க் போடுற போட்டி இல்லை பாஸ். அமெரிக்காவில் வெள்ளி முதல் வியாழன் வரை எத்தனை ஆல்பம் வித்துச்சு, ஆன்லைன்ல எத்தனை தடவை கேட்டாங்கங்கிற கணக்கு. முன்பதிவெல்லாம் முதல் வாரக் கணக்கில் மொத்தமா விழும். அதனால, வருஷக்கணக்கா ரசிகர்களைச் சேர்த்துவெச்ச சின்ன பேண்டும் அந்த வாரம் பட்டியலுக்குள்ள நுழைஞ்சிடலாம்.

ஆனா, நம்பரே எல்லாம் இல்லை. 1980-ல் வந்த ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்', அமெரிக்காவில் 4-வது இடத்தோட நின்னுச்சு. அடுத்த வருஷம் அவங்க போட்ட ஆல்பம் முதலிடம்! ஆனா, உலகத்துலயே அதிகமா வித்த ஆல்பங்கள் வரிசையில் இன்னிக்கு நிக்கிறது அந்த 4-வது வந்ததுதான்.

அப்போ எது நிக்கும்? சொல்ல ஏதாவது இருக்கணும். 'ரக்ஷக்'கில் மனச்சோர்வு பத்திப் பாட்டு உண்டு, கூடப் படிக்கிறவங்க பண்ற கொடுமை பத்தியும் உண்டு. நம்ம ஹாஸ்டல்ல நாம பேசத் தயங்குற விஷயங்கள்தானே!

அதனால, அடுத்த கல்ச்சுரல்ஸுக்கு முன்னாடி உங்க தெரு மேளக்காரர்கிட்ட போங்க. 'அண்ணே, ஒரு பாட்டுக்கு எங்ககூட வாசிக்கிறீங்களா?'னு கேளுங்க. பில்போர்டு அப்புறம் பார்த்துக்கலாம்... முதல்ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கட்டும்!