மேடத்திடம் சொல்ல வேண்டுமா?

அங்கன்வாடியில் ஆயா வேலை பார்க்கிறீர்களா? உடம்புக்கு நோய் வரும். மனசுக்கும் வரும். தூக்கம் போகும். காரணம் இல்லாமல் பயம் வரும். டாக்டர் மாத்திரை தருவார்.

இதை மேலே உள்ள மேடத்திடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் வேலை போய்விடுமா? சாந்திபுரத்திலும் இந்தப் பயம் வரலாம். பயந்துபோய் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்தினால் நோய் திரும்பலாம்.

2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. உங்கள் நோயை டாக்டர் ரகசியமாக வைக்க வேண்டும். மற்றவர் உயிருக்கு ஆபத்து போன்ற சில நேரங்களில் மட்டும் விலக்கு உண்டு. மேடத்திடம் சொல்வதா, வேண்டாமா? யோசித்து நீங்களே முடிவு செய்யலாம். லீவு வேண்டுமா? தேவையான அளவு சொன்னால் போதும்.

ஆனால் பிள்ளைகள் நம் பொறுப்பு. சில மாத்திரைகள் தூக்கம் தரும். பகலில் கண் சொருகுகிறதா? உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவையோ நேரத்தையோ அவர் மாற்றுவார். மாத்திரையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

சந்தேகமா? 14416-க்குப் போன் செய்யுங்கள். இது அரசாங்கத்தின் மனநல உதவி எண். காசு கிடையாது. தமிழிலும் பேசலாம்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட வெட்கப்படுகிறோமா? மனசுக்கு மட்டும் ஏன் வெட்கம்?