புத்தாக்க மையத்தின் அழைப்பு யார் காதுக்குப் போகிறது?

போத்தனூரில் காற்று திசை மாறினால் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கின் வாடை வீட்டுக்குள் வந்துவிடும். கோவை மாநகரத்தின் குப்பை ஆண்டுக்கணக்கில் வந்து குவியும் இடம் அது. 2024 ஏப்ரலில் அங்கே பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்தது. சுற்றுவட்டார மக்கள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள். அந்தக் குப்பையை வாரி, தள்ளுவண்டியில் ஏற்றி, கையால் பிரித்து, லாரிக்கு அனுப்புகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அருந்ததியர் மக்கள். எந்தக் குப்பை எரியும், எது மட்கும், எது கையைக் கிழிக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

இதே கோவையில், கல்லூரிக்குக் கல்லூரி 'திடக்கழிவு மேலாண்மைக்குப் புதிய தீர்வு' என்ற தலைப்பில் போட்டிகள் நடக்கின்றன. குளிரூட்டிய அரங்கு, மேடை, நடுவர்கள், பரிசுக் காசோலை எல்லாம் உண்டு. குப்பையோடு வாழ்கிறவர்களின் பிள்ளைகள் அந்த அரங்கில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

ஒருங்கிணைப்பாளர் என்பவர் யார்?

புத்தாக்க மையம் என்றால் கிராமத்தில் இருக்கும் பெற்றோருக்கு என்னவென்று தெரியாது. எளிதாகச் சொன்னால், மாணவர் ஒருவரின் யோசனையைப் பொருளாக, பொருளைத் தொழிலாக மாற்ற உதவும் இடம். கருவிகள், வழிகாட்டிகள், சிறு நிதி, முதலீட்டாளரின் அறிமுகம் ஆகியவை அங்கே கிடைக்கும். கோவைக்கு இது புதிதல்ல. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் 'ஸ்டெப்' பூங்கா 1998-இலேயே தொடங்கிவிட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் தொழில் வளர்ப்பகம் இருக்கிறது. பாரதியார் பல்கலைக்கழகத்தில் 'ரூசா' நிதியில் உருவான தொழில்முனைவு, புத்தாக்க மையம் இருக்கிறது.

2018-இல் ஒன்றிய அரசின் கல்வித் துறை, உயர்கல்வி நிறுவனங்களில் 'நிறுவனப் புத்தாக்கக் குழு' அமைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 'ஐ.ஐ.சி.' என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு காலாண்டுக்கும் என்னென்ன நிகழ்ச்சிகள் நடத்த வேண்டும் என்று ஒரு நாள்காட்டி வரும். பயிலரங்கு, தொழில்முனைவோர் உரை, ஹேக்கத்தான், மாதிரிப் பொருள் கண்காட்சி என்று நடத்தி, படத்தோடு அறிக்கை அனுப்ப வேண்டும். அதை வைத்து நட்சத்திரத் தரம் கிடைக்கும்.

இதையெல்லாம் செய்கிறவர் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர். பல கல்லூரிகளில் அவர் வகுப்பும் எடுத்துக்கொண்டு, விடைத்தாளும் திருத்திக்கொண்டு, இதையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கும் ஓர் உதவிப் பேராசிரியர். சுற்றறிக்கை எழுதுவது, பெயர் பதிவது, குழு சேர்ப்பது, நடுவரை அழைப்பது, மதிய உணவுக்குச் சொல்வது, அறிக்கை ஏற்றுவது எல்லாம் அவர் தலையில். பார்வைக்குச் சின்னச் சின்ன வேலைகள். ஆனால் எந்த மாணவர் உள்ளே வருவார், எவர் வெளியே நிற்பார் என்பதை இந்தச் சின்ன வேலைகளே முடிவுசெய்கின்றன.

இட ஒதுக்கீடு நிற்கும் இடம்

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு 2009-இல் வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, உள்ஒதுக்கீடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்தச் சட்டத்தால் கொங்கு மண்டலத்தில் எத்தனையோ வீடுகளில் முதல் பொறியாளர், முதல் மருத்துவர் வந்தார்கள். அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் ஒதுக்கீடு வேலை செய்வது கல்லூரிச் சேர்க்கை வரையில்தான். சேர்ந்த பிறகு குழு சேர்வதற்கு ஒதுக்கீடு இல்லை. வழிகாட்டிப் பேராசிரியரின் கவனத்துக்கு ஒதுக்கீடு இல்லை. மாதிரிப் பொருள் செய்யக் கிடைக்கும் காசுக்கும் ஒதுக்கீடு இல்லை.

'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' போட்டியை எடுத்துக்கொள்வோம். 2017 முதல் ஒன்றிய அரசு நடத்துகிறது. ஒரு குழுவுக்கு ஆறு பேர். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. பெண்ணைச் சேர்க்க விதி வைத்தவர்களுக்கு, மற்ற ஐவர் எப்படிச் சேர்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் எப்படிச் சேர்வார்கள்? ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒரே பைக்கில் வருகிறவர்கள், ஆங்கிலத்தில் பேசிப் பழகியவர்கள், ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போய்ச் சாப்பிடக்கூடியவர்கள். கொங்கு நாட்டில் யார் வீட்டுக்குள் யார் போகலாம் என்பதைச் சாதி இன்னும் தீர்மானிக்கும்போது, குழுவும் அந்தக் கோட்டிலேயே அமைந்துவிடுகிறது. யாரும் யாரையும் திட்டவில்லை; தள்ளவில்லை. பெயர்ப் பட்டியலில் மட்டும் சிலர் இல்லை.

அடுத்தது நேரம். மென்பொருள் பிரிவின் இறுதிப் போட்டி தொடர்ந்து 36 மணி நேரம் நடக்கும். கல்லூரி அளவுப் போட்டிகளும் அதைப் பார்த்து இரவில் நடக்கின்றன. விடுதிக் கதவு மூடும் நேரத்துக்குள் திரும்ப வேண்டிய மாணவி என்ன செய்வாள்? போத்தனூரிலிருந்து மருதமலை அடிவாரத்துக்கு ஒரே பேருந்தில் போய்விட முடியாது. மாறித்தான் போக வேண்டும். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சி என்றால், கடைசிப் பேருந்தைப் பிடிக்கப் பாதியில் எழுந்து வர வேண்டும். பாதியில் எழுந்து போனவனை 'ஆர்வமில்லாதவன்' என்று குறித்துக்கொள்வார்கள்.

கண்டுபிடிப்பு நமக்குப் புதிதா?

'உங்களுக்கு ஏன் இந்த வேலை' என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சேதி. மின்மோட்டார் வருவதற்கு முன்பு கொங்கு நாட்டு வறண்ட நிலத்தைப் பசுமையாக்கியது கவலை. மாடு பூட்டி, கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் முறை. அந்தக் கவலையின் உயிர் தோல் பறி. நீரின் கனத்தைத் தாங்கி, கிழியாமல், கசியாமல், மேலே வந்ததும் வாய்க்காலில் கொட்ட வேண்டும். அந்தத் தோலைப் பதப்படுத்தி, அறுத்து, தைத்து, பழுது பார்த்தவர்கள் அருந்ததியர். அது பொருளறிவியலும் இயந்திரவியலும் சேர்ந்த தொழில். சோதித்துப் பார்த்து, தவறு கண்டு, திருத்தித் திருத்தி வளர்த்த அறிவு அது.

1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. கோவை மோட்டார் பம்பு நகரமாக வளர்ந்தது. கிணற்றில் பம்பு இறங்கியதும் தோல் பறி மூலைக்குப் போனது. பறி தைத்த கை பம்பு செய்யும் பட்டறைக்கு முதலாளியாகப் போகவில்லை. தொழில்நுட்பம் மாறும்போது பழைய அறிவுக்காரரைப் புதிய தொழிலுக்குள் அழைத்துப்போக ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை. இன்று அந்த ஏற்பாட்டின் பெயர்தான் புத்தாக்க மையம். அன்று விட்டதை இன்றும் விட்டால் அதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

நல்ல நிகழ்ச்சி என்ன செய்யும்?

2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் சிக்கிய இரண்டு தொழிலாளர்களும், காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். கேரளத்தின் குற்றிப்புரம் பொறியியல் கல்லூரியில் படித்த சில இளைஞர்கள், அப்போது இயந்திர உடை ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தவர்கள், பின்னர் சாக்கடை இயந்திரத்தின் பக்கம் திரும்பினார்கள். கேரள ஸ்டார்ட்அப் மிஷன் கை கொடுத்தது. 2018-இல் 'பேண்டிகூட்' இயந்திரம் திருவனந்தபுரத்தில் இறங்கியது. அதே ஆண்டு கும்பகோணத்துக்கு வந்தது. பின்னர் கோவை மாநகராட்சியிலும் பயன்பாட்டுக்கு வந்தது.

இன்னொன்று நம் மாநிலத்தில் நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் வழிகாட்டுதலில் ஒரு மாணவர் தன் முதுநிலை இறுதியாண்டுத் திட்டமாகக் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். 2019-இல் ஐ.ஐ.டி. நடத்திய 'கார்பன் ஜீரோ சேலஞ்ச்' போட்டியில் அது காட்சிக்கு வந்தது. அதன் பிறகு ஆதரவு கிடைத்து, 'ஹோமோசெப்' என்ற பெயரில் 2022-இல் களத்துக்குப் போனது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் இயந்திரங்கள் போன இடம், தூய்மைப் பணியில் கணவரை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் சுயஉதவிக் குழுக்கள். சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் போன்ற அமைப்புகளோடு பேசியதால் அந்த வழி திறந்தது. கணவரைக் கொன்ற வேலைக்கான இயந்திரம் மனைவியின் கையில் தொழிலாக வந்தது.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது. சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இலும், 30 லட்சம் என்று 2023 அக்டோபரிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பீடு உயர்ந்ததே தவிர, சாவு நிற்கவில்லை. ஆள் இறங்குவதை நிறுத்த இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரம் யாருடைய சொத்து என்பதும் முக்கியம். ஒரு கல்லூரிப் போட்டி இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால், அது வெறும் சான்றிதழ் விழாவாக இருக்காது.

பணம் இருக்கிறது, பாலம் இல்லை

நமக்கென்று திட்டங்கள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அரசு 2022-23-இல் பட்டியல் சாதி, பழங்குடியினர் ஸ்டார்ட்அப் நிதியை 30 கோடி ரூபாயில் தொடங்கி, அடுத்த ஆண்டு 50 கோடியாக உயர்த்தியது. இது கடன் அல்ல. நிறுவனத்தில் அரசு பங்கு முதலீடு செய்யும். 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், முழுக்கப் பட்டியல் சாதி, பழங்குடியினருக்குச் சொந்தமான தொழிலுக்கு 35 சதவீத மூலதன மானியம் உண்டு. உச்சவரம்பு ஒன்றரைக் கோடி. வட்டியில் 6 சதவீதச் சலுகையும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

ஒன்றிய அரசு 2020 செப்டம்பர் 30-இல் அறிவித்த அம்பேத்கர் சமூகப் புத்தாக்கத் திட்டம், கல்வி நிறுவனங்களில் உள்ள தொழில் வளர்ப்பகங்கள் வழியாகப் பட்டியல் சாதி இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, மூன்று ஆண்டுகளில் 30 லட்சம் ரூபாய் முதலீடு தரும் என்றது. மாதிரிப் பொருள் செய்ய மாநில அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் 2 லட்சம், 5 லட்சம் என இரண்டு வகைப் புத்தாக்க வவுச்சர்கள் தருகிறது.

கவனியுங்கள்: 'தொழில் வளர்ப்பகங்கள் வழியாக' என்கிறது திட்டம். அந்த மையத்தின் நிகழ்ச்சி அரங்கில் நம் பிள்ளை கால் வைக்காவிட்டால், டெல்லியில் ஒதுக்கிய பணம் போத்தனூருக்கு வராது. ஒருங்கிணைப்பாளரின் சுற்றறிக்கைக்கு இவ்வளவு கனம் இருக்கிறது.

ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஏழு வேண்டுகோள்

ஒன்று, நிகழ்ச்சியைப் பகலில் வையுங்கள். இரவில் தவிர்க்க முடியாதென்றால் தங்கும் இடமும் விடுதிக் காப்பாளருக்குக் கடிதமும் கொடுங்கள். இரண்டு, அழைப்பை வாட்ஸ்ஆப் குழுவோடு நிறுத்தாமல், இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர் மாறியிருக்கும் அரசு விடுதிகளின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். மூன்று, குழுவை மாணவரே சேர்க்கட்டும் என்று விடாமல், முதல் சுற்றிலாவது சீட்டுக் குலுக்கிச் சேருங்கள். நான்கு, தமிழில் விளக்க அனுமதியுங்கள். யோசனைக்கு மதிப்பெண் போடுங்கள், ஆங்கிலத்துக்கு அல்ல. ஐந்து, நுழைவுக் கட்டணத்தை நீக்கி, பேருந்துக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஆறு, பிரச்சினைகளைப் பட்டியலிடத் தூய்மைப் பணியாளர்களையும் விவசாயக் கூலிகளையும் அழையுங்கள். விருந்தினர் உரைக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தை அவர்களுக்கும் கொடுங்கள். ஏழு, யார் யார் பங்கேற்றார்கள், யாருக்கு நிதி போனது என்பதைப் பிரிவுவாரியாக ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடுங்கள்.

இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. தனி அரசாணையும் வேண்டாம். 2012-இன் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள், உயர்கல்வி நிறுவனங்களில் சம வாய்ப்புப் பிரிவு அமைக்கச் சொல்கின்றன. அந்தப் பிரிவும் புத்தாக்கக் குழுவும் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து நாள்காட்டியைப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தம்பி, தங்கைகளுக்கு

உங்கள் கல்லூரியில் புத்தாக்கக் குழு இருக்கிறதா, அதன் பொறுப்பாளர் யார் என்று இந்த வாரமே கேளுங்கள். பெயர்ப் பலகையில் இருக்கும். இல்லாவிட்டால் முதல்வர் அலுவலகத்தில் சொல்வார்கள். அம்மா செய்யும் வேலையில் எது கையை வெட்டுகிறது, எது இடுப்பை முறிக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நடுவர் கேட்கும் 'பிரச்சினை அறிக்கை' அதுதான். வேறு யாராலும் அதை அவ்வளவு துல்லியமாக எழுத முடியாது.

புதிதாக ஒன்றைச் செய்துவிட்டால், அரங்கில் விளக்கும் முன்பே காப்புரிமை பற்றிக் கேளுங்கள். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்கும் அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பாப்பநாயக்கன்புதூரில் சானிட்டரி நாப்கின் இயந்திரம் செய்த அருணாசலம் முருகானந்தம் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 2016-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருக்கு எந்தக் கல்லூரி மையமும் தொடக்கத்தில் இடம் கொடுக்கவில்லை. உங்களுக்கு மையம் உங்கள் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் இரண்டு பேராகப் போங்கள். அடுத்த காலாண்டு நாள்காட்டியைக் கேட்டு வாங்கி, விடுதிச் சுவரில் ஒட்டுங்கள்.