'கவலைப்படாதே' என்றால் அடங்குமா?

இரவு ஒன்பதரை மணி. வேலைக்குப் போன மகள் இன்னும் வீடு திரும்பவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். அம்மாவுக்கு உள்ளங்கை வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது. தட்டில் போட்ட இட்லி ஆறிப்போய்க் கிடக்கிறது. "வந்துடுவா, கவலைப்படாதே" என்கிறார் அப்பா. அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் எந்த அம்மாவின் வயிறும் அடங்கியதில்லை.

வயிற்றுக்கும் பயத்துக்கும் உள்ள இந்த உறவைக் கண்ணால் பார்த்தவர் வால்டர் கேனன். எக்ஸ்ரே புதிதாக வந்திருந்த 1890களின் கடைசியில், ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்தார். பூனைகளுக்கு, எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரியும் பிஸ்மத் கலந்த உணவைக் கொடுத்து, இரைப்பை அசைவதை எக்ஸ்ரே திரையில் கவனித்தார். பூனை மிரண்டால் அசைவு சட்டென்று நின்றது. அமைதியானதும் மறுபடி தொடங்கியது. அந்த வியப்பைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த கேனன், 1915இல் ஒரு நூலே எழுதினார். ஆபத்து என்று மூளை நினைத்தாலே போதும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், செரிமானத்துக்கான ரத்தம் கை கால் தசைகளுக்குப் பாயும். சண்டை போடவோ ஓடவோ உடம்பு தயாராகிவிடும்.

புலி வந்தால் சரி. ஸ்விட்ச் ஆஃப் ஆன போனோடு யார் சண்டை போடுவது?

ஓடத் தயாரான உடம்பை நிதானப்படுத்த மூச்சு கைகொடுக்கும். மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தபடி மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரையும், விடும்போது தளரும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை அது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் சில நிமிடங்கள் விட்டாலே படபடப்பு குறைவது பலருக்குத் தெரியும்.

மனசு அவ்வளவு சுலபமாகப் படியாது. 1987இல் உளவியலாளர் டேனியல் வெக்னரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்க மாணவர்களிடம், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியடியுங்கள் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்றதும், முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. 'கவலைப்படாதே' தோற்பதும் இப்படித்தான்.

கவலையைத் தடுக்காமல் தள்ளிப்போட்டால் என்ன என்று கேட்டவர் உளவியலாளர் தாமஸ் போர்கோவெக். 1983இல் அவரது குழு சோதித்த முறை எளிமையானது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் கவலைக்கென்றே ஒதுக்க வேண்டும். மற்ற நேரத்தில் கவலை எட்டிப் பார்த்தால், 'சாயங்காலம் பார்த்துக்கொள்வோம்' என்று கைவேலைக்குத் திரும்ப வேண்டும். நான்கு வாரத்தில், இதைச் செய்து பார்த்தவர்களின் அன்றாடக் கவலை கணிசமாகக் குறைந்தது. படுக்கப்போகும் நேரத்தை மட்டும் இதற்கு வைத்துக்கொள்ள வேண்டாம், தூக்கம் கெடும்.

கவலைகளை எழுதிவைப்பதிலும் பலன் உண்டு. தீராப் பதற்றநோய் உள்ள 29 பேர் தங்கள் கவலைகளைப் பத்து நாள் குறித்துவைத்தார்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிறகு சரிபார்த்தார்கள். 2020இல் வெளியான அந்த ஆய்வில் 91.4 சதவீதக் கவலைகள் பலிக்கவே இல்லை. இத்தனைக்கும் அவர்கள் ஓயாமல் கவலைப்படும் நோயாளிகள்!

எல்லாவற்றுக்கும் நோட்டும் மூச்சும் போதாது. மாதக்கணக்கில் பெரும்பாலான நாட்கள் பதற்றம் விடாமல், தூக்கமும் வேலையும் கெட்டால் மருத்துவரைப் பார்ப்பதே சரி. திடீர் நெஞ்சுவலி வந்தால் அதைப் பதற்றம் என்று தாங்களே முடிவு கட்டக் கூடாது. யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தால், மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மனஸ் உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். இரவு ஒன்பதரைக்கும் எடுப்பார்கள்.