யோசபாத்து: பாரதத்திலிருந்து ரோமாபுரி போன புனிதர்

கத்தோலிக்கப் புனிதர் பட்டியலில் பாரத நாட்டு அரச குமாரர் ஒருவர் நெடுங்காலம் இருந்தார். பெயர் யோசபாத்து. அவருக்கும் அவர் குரு பர்லாமுக்கும் நவம்பர் 27-ஆம் தேதி நினைவு நாள். யார் இவர் என்று பார்ப்போம்.

கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய இந்திய அரசன் ஒருவனுக்கு மகன் பிறக்கிறான். இவன் கிறிஸ்தவனாகி விடுவான் என்று சோதிடர் சொல்ல, அரசன் பயந்துபோய், நோய், மூப்பு, சாவு எதுவும் கண்ணில் படாதபடி தனி மாளிகையில் வளர்க்கிறான். ஆனாலும் வெளியே போன இளவரசன் தொழுநோயாளியையும், பார்வையற்றவரையும், தள்ளாடும் கிழவரையும் பார்த்துவிடுகிறான். மனசு கலங்குகிறது. அப்போது பர்லாம் என்ற துறவி, ரத்தின வியாபாரி வேஷத்தில் உள்ளே வருகிறார். (வியாபாரிக்கு எந்த வாசலும் திறக்கும் என்பது அன்றே தெரிந்திருக்கிறது!) அவர் உபதேசத்தால் யோசபாத்து ஞானஸ்நானம் பெற்று, முடிவில் அரசைத் துறந்து வனாந்தரம் போகிறார்.

படிக்கும்போதே கபிலவஸ்து உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். ஆமாம், இது கௌதம புத்தர் சரிதம்தான். 'போதிசத்துவர்' என்ற சொல் பாரசீக வழியாகப் போய் அரபியில் 'பூதாசப்' ஆயிற்று. அரபியில் சொல்லின் முதலில் வரும் 'ப'வுக்குக் கீழே ஒரு புள்ளி, 'ய'வுக்கு இரண்டு. ஒரு புள்ளி கூடியதும் 'யூதாசப்'! வெளி மாநிலத்து ரேஷன் கார்டில் நம்ம பேர் படுகிற பாடு தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. ஜார்ஜிய மொழியில் கிறிஸ்தவக் கதையாகி, கிரேக்கம் போய், 11-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்கு வந்தபோது 'யோசபாத்து'. 1859-60-இல் பிரெஞ்சு அறிஞர் லபுலேயும் ஜெர்மானிய அறிஞர் லீப்ரெக்டும் இந்த ஒற்றுமையை எடுத்துக்காட்டினார்கள்.

பர்லாம் சொல்லும் ஓர் உவமையைப் பாருங்கள். கொடிய மிருகத்துக்குப் பயந்து ஓடுகிறவன் பள்ளத்தில் விழுந்து, ஒரு மரத்தைப் பற்றித் தொங்குகிறான். கீழே வாய் பிளந்த பெரும் பாம்பு. வேரை வெள்ளை எலி ஒன்றும் கறுப்பு எலி ஒன்றும் அரிக்கின்றன. அவனோ கிளையிலிருந்து சொட்டும் தேனை நக்கிக்கொண்டு எல்லாவற்றையும் மறந்திருக்கிறான். மிருகம் மரணம், எலிகள் பகலும் இரவும், தேன் உலக இன்பம்.

எங்கள் சமண மரபில் இதற்கு 'மதுபிந்து' என்று பெயர். ஹேமசந்திரரின் பரிசிஷ்ட பர்வத்தில் இது உண்டு. மகாபாரத ஸ்திரீ பர்வத்தில் விதுரர் திருதராஷ்டிரனுக்கு இதையே சொல்கிறார். இத்தாலியில் பார்மா நகரின் ஞானஸ்நான மண்டபம் 1196-இல் கட்டத் தொடங்கியது; அதன் ஒரு வாசலின் மேல் இந்தக் காட்சி கல்லில் இருக்கிறது. எனவே, 'இது எங்க சொத்து' என்று யாரும் தனியாகப் பட்டா போட முடியாது.

அப்படியென்றால் அந்தப் புனிதர் பொய்யா என்று கத்தோலிக்க அன்பர்கள் கேட்கலாம். முறைப்படி விசாரித்துப் பட்டம் கொடுக்கப்பட்டவர் அல்லர் அவர். மக்கள் பக்தியால் பட்டியலில் ஏறியவர். ரோமாபுரியின் இன்றைய பட்டியலில் அவர் பெயர் இல்லை. சரித்திர உண்மைக்காகத் திருத்திக்கொண்டது நேர்மைதான். ஆனால் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மக்கள் கைகூப்பியது பொய்யை அல்ல. அரச போகம் கையில் இருந்தும் 'போதும்' என்று சொன்ன ஒரு மனசை. அதை எந்தப் பெயரில் வணங்கினாலும் வணக்கம் போய்ச் சேரும் இடம் ஒன்றே.