நினைவகம் நிறைந்துவிட்டதா?

"சார், நினைவகம் நிரம்பிவிட்டது. இன்னொரு 8 ஜி.பி. வாங்கிப் போட்டால்தான் சரிப்படும்" என்று எங்கள் ஆய்வகத்து மாணவர் ஒருவர் வந்து நின்றார். லினக்ஸில் இயங்கும் கணிப்பொறி அது. 'ஃப்ரீ' என்னும் கட்டளையைத் தட்டிப் பார்த்திருக்கிறார். மொத்தம் 7,800 எம்.பி. இருக்க, காலியிடம் வெறும் 300 எம்.பி. என்று திரை காட்டியது. நீங்களாக இருந்தாலும் பயந்திருப்பீர்கள், அல்லவா?

"மந்தமாக ஓடுகிறதா?" என்று கேட்டேன். "இல்லை சார், நன்றாகத்தான் ஓடுகிறது" என்றார். அப்படியானால் நோய் எங்கே?

உங்கள் படிக்கும் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரியிலிருந்து எடுத்த புத்தகத்தைப் படித்து முடித்ததும் உடனே திருப்பி வைக்கிறீர்களா? மேசையில் இடம் இருக்கும்வரை அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறீர்கள். மறுபடி வேண்டுமென்றால் கையெட்டும் தூரத்தில் இருக்குமே! லினக்ஸ் செய்வதும் இதுதான். ஹார்டு டிஸ்கிலிருந்து படித்த கோப்பின் பிரதியை, காலியாகக் கிடக்கும் நினைவகத்தில் அப்படியே வைத்துக்கொள்கிறது. இதற்குக் கேஷ் என்று பெயர்.

இதில் என்ன இலாபம்? சுழலும் ஹார்டு டிஸ்கில் ஒரு தகவலைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லி செகண்டு ஆகும். நினைவகத்திலிருந்து எடுக்க 100 நானோ செகண்டு போதும். வித்தியாசம் 1 லட்சம் மடங்கு! மேசைமேல் உள்ள புத்தகத்தை 1 விநாடியில் எடுக்கலாம் என்றால், அலமாரிக்குப் போய்வர 27 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று பொருள். (இப்போதைய எஸ்.எஸ்.டி. இதைவிட எவ்வளவோ வேகம். ஆனாலும் நினைவகத்துக்கு ஈடாகாது.) காசு கொடுத்து வாங்கிய நினைவகத்தை வெறுமனே போட்டு வைப்பதுதான் என்னைக் கேட்டால் வீண்.

புதிய புரோகிராம் ஒன்று இடம் கேட்டால், இந்தப் பிரதிகளில் பெரும்பாலானவற்றை லினக்ஸ் உடனே எறிந்துவிட்டு இடம் கொடுத்துவிடும். ஆகவே 'ஃப்ரீ' என்ற எண்ணை விட்டுவிட்டு, கடைசியில் உள்ள 'அவெய்லபிள்' என்ற எண்ணைப் பாருங்கள். உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்ற இம்மதிப்பீட்டை 2014-ல் லினக்ஸில் சேர்த்தார்கள். எங்கள் மாணவரின் கணிப்பொறியில் அது 5,100 எம்.பி. புதிய நினைவகம் வாங்கவில்லை.

ஆனால் மெய்யான நோயும் உண்டு. அதே மாணவர் தனி ஊசலின் அலைவுகளை வீடியோ எடுத்து, அதை அளக்க ஒரு புரோகிராம் எழுதினார். அரை நிமிடம் ஓடியதும் மௌஸ் அசையவில்லை. டிஸ்கின் விளக்கு அணையாமல் எரிந்தது. நினைவகம் போதாமல், அதில் உள்ளதை டிஸ்கின் 'ஸ்வாப்' பகுதிக்கு அனுப்புவதும் திரும்ப எடுப்பதுமாகக் கணிப்பொறி திண்டாடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் லினக்ஸே அந்தப் புரோகிராமைக் கொன்றுவிட்டது. மிகுதியாக இடம் பிடித்ததைத்தான் பெரும்பாலும் அது தேர்ந்தெடுக்கும். சில வேளை பாவம், பிரவுசர் மாட்டிக்கொள்ளும்.

மறுபடி ஓட்டச் சொன்னேன். இம்முறை பக்கத்தில் 'டாப்' கட்டளையையும் ஓடவிட்டு, பெரிய எழுத்து 'எம்' விசையை அழுத்தினோம். அதிக நினைவகம் பிடித்த புரோகிராம் முதல் வரிசைக்கு வந்தது. ஒரு எண் பெரிதாக இருப்பது மட்டும் குற்றமில்லை. அது நிற்காமல் வளர்கிறதா என்று பாருங்கள். இவருடையது விநாடிக்கு விநாடி ஏறியது.

ஏன் என்று கணக்கிட்டோம். ஒரு படச் சட்டத்தில் 1920 × 1080 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட். ஆக 62 லட்சம் பைட், அதாவது சுமார் 6.2 எம்.பி. விநாடிக்கு 30 சட்டங்கள் என்றால் 186 எம்.பி. நாற்பது விநாடி வீடியோவுக்கு 7,400 எம்.பி.! எல்லாச் சட்டங்களையும் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போயிருந்தார். ஊசல் குண்டு இருக்கும் இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, சட்டத்தை அவ்வப்போதே விட்டுவிடும்படி புரோகிராமை மாற்றினார். 'டாப்' காட்டிய எண் அதன்பின் ஏறவில்லை. அன்று மாலையே ஊசலின் அலைவு நேரமும் கிடைத்துவிட்டது.