உமிச் சாம்பலிலிருந்து ஒரு கல்... வாஷிங் பவுடர் முதல் ஆக்சிஜன் மெஷின் வரை!

ரைஸ் மில் பக்கம் குடியிருக்கிறவங்களுக்கு உமிச் சாம்பல்னாலே கடுப்புதான். காயப்போட்ட துணி, மொட்டை மாடி, கண்ணு... எல்லா இடத்திலும் கருந்தூசி. ஆனா அந்தச் சாம்பல்லதான் ஆய்வகங்கள் தேடுற சரக்கு இருக்கு.

ஒரு டன் நெல்லை அரைத்தால் சுமார் 200 கிலோ உமி வரும். (உமி வேற, தவிடு வேற பாஸ்!) அதை எரித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 40 கிலோ சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 சதவிகிதம் சிலிக்கா. மணலில் இருக்கிற அதே பொருள்தான். நெற்பயிர் அதை மண்ணிலிருந்து தண்ணீரோடு உறிஞ்சி, உமியில் கவசம்போலச் சேர்த்து வைக்கிறது.

இந்தச் சாம்பலைக் காஸ்டிக் சோடா கரைசலில் கொதிக்க வைத்தால் சிலிக்கா கரைந்துவிடும். கரி மட்டும் தங்கும். வடிகட்டிய கரைசலில் சோடியம் அலுமினேட் சேர்த்தால் வெள்ளையாகக் கூழ் திரளும். அதைச் சுமார் 100 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்தால், ஜியோலைட் என்ற கனிமம் படிகமாகிவிடும். மைசூர்பாகு மாதிரிதான், பதம் முக்கியம். 'ஏ' வகை ஜியோலைட் வேண்டுமென்று ஆரம்பித்து, ரொம்ப நேரம் சூட்டில் விட்டால் சோடலைட் என்ற வேறு கனிமமாக மாறிடும். (வீட்ல ட்ரை பண்ணாதீங்க, காஸ்டிக் சோடா தோலை அரிச்சுடும்.)

ஜியோலைட் என்றால் 'கொதிக்கும் கல்'. சூடாக்கினால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் பொங்கியதால், 1756-ல் ஸ்வீடன்காரர் க்ரோன்ஸ்டெட் வைத்த பேர். உள்ளே பூரா நுண்ணிய துளைகள். 'ஏ' வகையில் ஒரு துளை சுமார் 0.4 நானோமீட்டர்தான். உப்புத் தண்ணியில சோப்பு நுரைக்கலையா? வாஷிங் பவுடரில் இருக்கிற ஜியோலைட் தண்ணீரின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். கொரோனா நேரத்தில் வீடுகளுக்கு வந்த ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரிலும் இதே குடும்பத்து ஜியோலைட்தான் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து வைக்கிறது.

சிக்கல், எரிக்கிற சூட்டில் இருக்கு. 700 டிகிரிக்குள் எரித்தால் சிலிக்கா எளிதில் கரையும். அதைத் தாண்டிச் சூடு ஏற ஏற, கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக இறுகும். அது கரைவது கஷ்டம்; தூசியாகத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோய் அபாயமும் உண்டு. மில் பாய்லர்களோ நெல் அவிக்க நீராவி கிடைக்கணும்னு எரிப்பவை. சாம்பலின் தரத்தை அங்கே யார் பார்க்கிறாங்க?