முதுகுக்குப் பின்னால் மூன்று வரி

ஞாயிற்றுக்கிழமை மதியம் திண்டுக்கல்லில் பிரியாணிக் கடைக்குள் நுழைந்தால் காலி நாற்காலி கிடைக்காது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். அவர் இலையில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. ஆனாலும் பார்ப்போம். நாம் பார்ப்பது அவருக்கும் தெரியும். அப்படி நின்ற ஒரு மதியத்தில் கைப்பேசியில் தட்டி வைத்தது இது:

பின்னால் நிற்கிறேன்
அவசரமே இல்லாமல் உறிஞ்சுகிறார்
நல்லி எலும்பை

அன்றிலிருந்து சாப்பாட்டுக் கடைகளில் மூன்று வரி எழுதுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பேருந்து நிலையத்துப் பரோட்டாக் கடை, பேகம்பூர் பக்கத்து டீக்கடை, நத்தம் சாலையில் மாம்பழக் கூடை என்று எதையும் விட்டதில்லை. நண்பர்கள் சிலரும் தொற்றிக்கொண்டார்கள்.

கறாராகப் பார்த்தால் இதற்குப் பெயர் ஹைக்கூ இல்லை, சென்ரியூ. பருவத்தையும் இயற்கையையும் பாடினால் ஹைக்கூ. மனிதர்களின் ஆசையையும் அசட்டுத்தனத்தையும் சிரிப்போடு பிடித்தால் சென்ரியூ. கராய் சென்ரியூ என்ற ஜப்பானியர் இப்படிப்பட்ட பாடல்களைத் தேர்ந்தெடுத்துத் தர, 1765-இல் அவை தொகுப்பாக வெளிவரத் தொடங்கின. அவர் பெயரே அந்த வடிவத்துக்கும் நிலைத்தது. தமிழில் இரண்டையும் ஹைக்கூ என்றே சொல்லிவிடுகிறோம். ஈரோடு தமிழன்பன் மட்டும் ‘ஒரு வண்டி சென்ரியூ’ என்று தனிப் புத்தகமே போட்டு, வேறுபாட்டைப் பெயரிலேயே எழுதி வைத்தார்.

நமக்கு இது நேற்று வந்த சரக்கும் இல்லை. 1916-இலேயே பாரதியார் ‘சுதேசமித்திர’னில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிவிட்டார். ஜப்பானியக் கவிஞர் நோகுச்சியின் கட்டுரை ஒன்றைப் படித்த உற்சாகத்தில், சொல் குறைந்தால் கவிதைக்கு என்ன நேர்கிறது என்று வியந்த கட்டுரை அது. 1984-இல் அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’ வந்த பிறகு தமிழ் ஹைக்கூவுக்கு ஒரு வரிசையே உண்டாயிற்று. இடையில் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்த ‘எழுத்து’ இதழை 1959-இல் தொடங்கிய சி.சு.செல்லப்பா, எங்கள் வத்தலக்குண்டில் வளர்ந்தவர். மூன்று வரி எழுத இந்த மாவட்டத்துக்காரனுக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆனால் சாப்பாட்டைப் பற்றிய விளையாட்டுப் பாட்டுக்கு ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. காளமேகம் இருக்கிறார். நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்தில் பசியோடு உட்கார்ந்து, சோறு வரத் தாமதமானதும் ஒரு வெண்பா எடுத்துவிட்டார். நான்கே அடிதான். பொழுது சாயும்போது அரிசி வருகிறது. அதைக் குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் அடங்கிவிடுகிறது. ஓர் அகப்பை இலையில் விழும்போது விடிவெள்ளி முளைக்கிறது. சத்திரத்துக்காரர் பதறிப்போய்க் கெஞ்ச, அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாகவும் பொருள் சொன்னாராம் கவிஞர். இந்தச் சத்திரத்து அரிசி உலையில் விழுந்தால் ஊரின் பசி அடங்கும். இலையில் விழும் ஒரு கரண்டிச் சோற்றின் வெண்மைக்கு முன் வெள்ளி தோற்கும். சாப்பாட்டுக் கடை விமர்சனம் என்று இன்று நாம் எழுதுகிறவற்றில் எது இந்த நான்கு அடிக்குப் பக்கத்தில் நிற்கும்?

அந்த வெண்பாவில் சோறு ருசியாக இருந்ததா என்ற பேச்சே இல்லை. அரிசி வந்த நேரம், குத்திய நேரம், விழுந்த நேரம் மட்டும்தான். சாப்பாட்டு ஹைக்கூவின் முழு ரகசியமும் இதுதான் என்பது என் கட்சி. ருசியைச் சொல்லாதே, இலைக்குப் பக்கத்தில் நடப்பதைச் சொல்.

இது எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது. மணத்தைப் பற்றி முதலில் எழுதியது இப்படி:

மூடி திறந்ததும்
தெருவெல்லாம் மணக்கிறது
சீரகச் சம்பா

தப்பில்லை. ஆனால் இதை எந்தக் கடைப் பலகையிலும் எழுதி மாட்டலாம். எந்த ஊருக்கும் பொருந்தும். எனவே மறுபடியும் அதே கடைக்குப் போய், தம் உடைக்கும் நேரத்தில் அண்டாவை விட்டுவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். மூடிமேல் இருந்த தணலைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு மாஸ்டர் மூடியைத் தூக்கினார். ஆவி நேராகக் கல்லாப் பக்கம் போயிற்று.

தம் உடைத்தாயிற்று
கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்
கல்லாவில் இருப்பவர்

இதில் மணம் என்ற சொல் இல்லை. ஆனால் மணக்கிறது என்று படித்தவர்கள் சொன்னார்கள்.

இந்த ஊருக்கு இந்த வித்தை முன்பே தெரியும். 1957-இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் திறந்த கடையின் பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். அவர் எப்போதும் தலைப்பாகை கட்டியிருப்பார். சாப்பிட வந்தவர்கள் பலகையைப் படிக்கவில்லை. தலையைப் பார்த்துத் ‘தலப்பாக்கட்டி’ என்றார்கள். சிறிய சீரகச் சம்பா அரிசி, எலுமிச்சையும் தயிரும் தந்த புளிப்பு, மிளகுக் காரம் என்று சொல்ல எத்தனையோ இருந்தும் ஜனங்கள் பிடித்துக்கொண்டது சோற்றுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு துணிக்கட்டை. ஒரே சொல்லில் எழுதிய ஹைக்கூ என்பேன் அதை.

ஐந்து, ஏழு, ஐந்து என்று ஜப்பானியர் எண்ணும் ஒலிக்கணக்கைத் தமிழில் நாம் பெரும்பாலும் விட்டுவிட்டோம். விட்டது நல்லது. நம் காது நேரசை, நிரையசைக்குப் பழகியது. அதற்குப் பதில் நம்மிடம் பெயரெச்சம் இருக்கிறது. ‘அடுப்படியில் இருந்து எட்டிப் பார்க்கிற, நேற்றுத் திட்டு வாங்கிய’ என்று இழுத்துக்கொண்டே போய், யார் என்பதைக் கடைசிச் சொல்லில் போட்டு உடைக்கலாம். மூன்றாம் வரியில் ஆள் வந்து நிற்பதற்கு இதைவிட வசதியான மொழி இருக்குமா என்று தெரியவில்லை. சிலேடைக்குத்தான் ஆசைப்படக் கூடாது. பரோட்டாவை வைத்து ஒரு சொல்விளையாட்டு செய்தால் முதல் தடவை சிரிப்பு வரும், இரண்டாம் தடவை வராது. கண்ணால் பார்த்தது அப்படியில்லை:

மூடிய இலை
மனப்பாடமாய்ச் சொல்கிறார் சர்வர்
நான் மறந்த ஆம்லெட்டையும்

ஹைக்கூவில் பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று இருக்க வேண்டும் என்பார்கள். எங்கள் ஊரில் பருவத்தை வானம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, சந்தையைப் பார்த்தே சொல்லலாம். நத்தம் மாம்பழம் வண்டியில் வந்தால் கோடை. ஆயக்குடிக் கொய்யா குவிந்தால் மழைக்குப் பிந்திய நாட்கள். தை பிறந்தால் பழனிப் பாதயாத்திரை. பச்சையும் காவியும் கட்டிய கூட்டம் ஊரைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். வழியெல்லாம் மோரும் சுக்குக் காப்பியும் கொடுப்பார்கள். நடப்பவர்கள் விரதக்காரர்கள். கடக்க வேண்டிய ஊரோ திண்டுக்கல்.

மாலை போட்டாயிற்று
பிரியாணிக் கடை வாசலில்
வேகமாகும் நடை

இதைப் படித்துவிட்டு, ஆண்டுதோறும் நடக்கும் நண்பர் ஒருவர், “மூச்சையும் பிடிச்சுக்குவோம்ணே, அதையும் எழுதுங்க” என்றார். எழுதிப் பார்த்தேன். நான்கு வரியாகிவிட்டது, விட்டுவிட்டேன்.

போன வாரம் மதியம் மூன்றரை மணிக்கு அதே கடைக்குப் போனேன். பிரியாணி தீர்ந்திருந்தது. நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து, தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் இருந்து அண்டா முன்னால் நின்ற மாஸ்டர், பின்வாசல் படியில் உட்கார்ந்து வீட்டில் இருந்து கொண்டுவந்த தூக்குவாளியைத் திறந்தார். “உங்களுக்குன்னு ஒரு பிளேட் எடுத்து வைக்க மாட்டாங்களாண்ணே?” என்று கேட்டேன். “காலையிலேர்ந்து மோந்து மோந்தே வயிறு நெறஞ்சு போச்சு தம்பி” என்றார்.

அண்டா கழுவியாயிற்று
சாப்பிட உட்கார்கிறார் மாஸ்டர்
ரசம் சாதம்